பேற்றாடையும் மலைக்குளிரும்: பெர்ன்ஹில்லை முன்வைத்து நீலகிரியில் மகப்பேற்றுக்கால உடையின் வரலாறு

ஆய்வுச்சுருக்கம்

மகப்பேற்றின்போது பெண் உடுத்தும் ஆடை தமிழ்ச் சமூக வரலாற்றெழுத்தில் தனிப்பொருளாக ஆராயப்படுவது அரிது. வளைகாப்புப் புடவையும் குழந்தையின் முதற்சட்டையும் பெறும் கவனத்தை, இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட நாளின் ஆடை பெறுவதில்லை. இக்கட்டுரை அவ்வாடையைப் ‘பேற்றாடை’ எனப் பெயரிட்டு, நீலகிரி மலையில் அது அடைந்த மாற்றங்களைத் தொகுத்துக் காண்கிறது. சமவெளித் தமிழர் வழக்கு, தோடர், படகர் வழக்குகள், ஆங்கிலேயர் பங்களா, அரசு மருத்துவமனை, தேயிலைத் தோட்டம் ஆகியன இதன் களங்கள். பேற்றாடையைத் தீர்மானித்ததில் அணிபவளின் வசதியைக் காட்டிலும் அதைத் துவைப்பவர், கையாள்பவர் ஆகியோரின் தேவையே முதன்மை பெற்றது என்பது இக்கட்டுரையின் முடிபு.

திறவுச்சொற்கள்: பேற்றாடை, மகப்பேறு, தீட்டு, பூத்துக்குளி, தோட்டத் தொழிலாளர், நீலகிரி, பெர்ன்ஹில்

முன்னுரை

குன்னூரிலிருந்து மேலேறிய நீலகிரி மலை இருப்புப்பாதை 1908 செப்டம்பரில் பெர்ன்ஹில் வரை வந்தது. அடுத்த மாதமே உதகமண்டலத்தை அடைந்தது. அவ்விடைப்பட்ட ஒரு மாத காலம் மலைப்பாதையின் கடைசி நிலையமாக இருந்த பெர்ன்ஹில், நீலகிரியின் பல்வேறு வாழ்க்கை முறைகளும் அருகருகே அமைந்த இடமாகும். 1840களில் பங்களாவாகத் தொடங்கிப் பின்னர் மைசூர் அரச குடும்பத்தின் கோடை அரண்மனையாக வளர்ந்த மாளிகை இங்கு உள்ளது. உதகையைச் சூழ்ந்த புல்வெளிகளில் தோடர் மந்துகளும், சரிவுகளில் படகர் ஹட்டிகளும், சற்றுக் கீழே தேயிலைத் தோட்டங்களின் லைன் வீடுகளும் உள்ளன. இருப்புப்பாதையும் அரசு அலுவலகங்களும் சமவெளித் தமிழ்க் குடும்பங்களை இங்குக் கொண்டுவந்து குடியேற்றின.

கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,200 மீட்டர் உயரத்தில் அமைந்த இப்பகுதியில் மார்கழி, தை மாத விடியற்காலைகளில் புல்வெளியில் உறைபனி படியும். அரண்மனை, மந்து, ஹட்டி, லைன் வீடு என எங்குப் பேறு நிகழ்ந்தாலும் குளிர் ஒன்றே. ஆனால் அக்குளிரில் பிள்ளை பெற்றவள் எதை உடுத்தியிருந்தாள், அதை யார் தேர்ந்தெடுத்தார் என்பவை இடத்துக்கு இடம் வேறுபட்டன. இவ்வேறுபாட்டை விளக்க முதலில் சமவெளி வழக்கைக் காண்பது பொருத்தமாகும். மலைக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் அவ்வழக்கை உடன்கொண்டே வந்தன.

1. புதுத்துணிக்கும் புதுத்துணிக்கும் இடையே

பேறு குறித்த தமிழ்ச் சொற்கள் பழமையானவை. ஈன்றணிமையைக் குறிக்கும் ‘புனிறு’ என்னும் சொல் சங்க இலக்கியத்திலேயே வழங்குகிறது. நற்றிணையின் 40ஆம் பாடல், பிள்ளை பெற்ற பெண்ணின் உடலில் நெய்யும் ஐயவி எனப்படும் வெண்சிறுகடுகும் அணியப்பெற்றிருந்ததைக் காட்டுகிறது. ஈன்றவள் உடலின் மென்மையும் அவ்வுடலுக்குச் செய்யப்படும் காப்பும் இலக்கியப் பொருளாகியுள்ளன.

பிற்கால வழக்கில் கருவுற்ற பெண்ணின் உடை இரண்டு சடங்குகளால் அளக்கப்படுகிறது. முதற்பேற்றின் வளைகாப்பில் அவளுக்குப் புதுப்புடவை உடுத்தப்படுகிறது. பிள்ளை பிறந்து தீட்டுக் கழித்த பின்னர் மீண்டும் புதுப்புடவை தரப்படுகிறது. இவ்விரு புதுத்துணிகளுக்கும் நடுவே, பேற்று நாளில் அவள் உடலில் இருப்பது வீட்டிலேயே மிகப் பழைய பருத்திப் புடவையாகும். பிறந்த குழந்தையை ஏந்துவதும் பழந்துணியே.

இத்தேர்வுக்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, துணியின் இயல்பு. பலமுறை துவைத்து நைந்த பருத்தி மென்மையானது. வியர்வையையும் குருதியையும் எளிதில் உறிஞ்சும். தையலற்றதாதலின் தளர்த்தவும் சுருட்டவும் இடம் தரும். வீட்டுப் பேற்றில் பெண் குந்தியும், மண்டியிட்டும், விட்டத்தில் கட்டிய கயிற்றைப் பற்றி நின்றும் நோவைத் தாங்கினாள். ஒவ்வொரு நிலைக்கும் ஏற்ப மாறக்கூடிய ஆடை பழம்புடவையே. பேற்றுக்குப் பின் அதே புடவையின் ஒரு துண்டு வயிற்றுக்கட்டாகவும் பயன்பட்டது.

இரண்டாவது காரணம் தீட்டு. பேற்றில் நனைந்த துணி வீட்டாருடைய பிற துணிகளோடு சேரலாகாது. அதைத் துவைக்கும் கடமை வண்ணார் மீது சுமத்தப்பட்டது. ஒடுக்கப்பட்ட மக்களின் துணிகளைத் துவைத்த புதிரை வண்ணார் மீது அக்கடமையோடு இழிவும் சேர்த்துச் சுமத்தப்பட்டது. தீட்டுக்காலத்தில் உடுத்துவதற்கென வண்ணார் வீட்டிலிருந்து தரப்படும் வெளுத்த துணி ‘மாற்று’ எனப்பட்டது. எனவே பேற்றாடை என்பது கைவிடத்தக்க துணியாகவோ, பிறர் கைக்குச் செல்லும் துணியாகவோ இருத்தல் வேண்டும். நல்ல புடவை இவ்விரண்டுக்கும் உரியதன்று. பழந்துணியின் மென்மை பெண்ணுக்கு நன்மை செய்தது உண்மையே; ஆயினும் அந்நன்மைக்காக அது தேர்ந்தெடுக்கப்படவில்லை. இழந்தாலும் வருந்தவேண்டாத துணி என்பதே அதன் முதல் தகுதி.

2. மந்தும் ஹட்டியும்

நீலகிரியின் பழங்குடிகளுக்கிடையே நிலவிய பரிமாற்ற உறவை இனவரைவியலாளர் பலர் விவரித்துள்ளனர். தோடர் பால்பொருள்களையும், கோத்தர் இரும்புக் கருவிகளையும் மட்கலங்களையும் இசையையும், படகர் தானியங்களையும், குறும்பர் காட்டுப் பொருள்களையும் அளித்தனர். இவ்விவரிப்புகளில் வண்ணார் என்னும் பங்கு பேசப்படுவதில்லை. சமவெளியில் பேற்றாடையைப் பிறர் கைக்கு மாற்றிய ஏற்பாட்டின் இடத்தில், மலையில் பெண்ணையே வீட்டிலிருந்து விலக்கிவைக்கும் ஏற்பாட்டைக் காண்கிறோம்.

1901–02இல் தோடரிடையே ஆய்வு செய்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட நூலில் அவர்தம் பேற்றுச் சடங்குகளை விரிவாகப் பதிந்துள்ளார். கருவுற்ற ஏழாம் மாதத்தையொட்டி நிகழும் வில் வழங்கும் சடங்கு, பிறக்கவிருக்கும் குழந்தைக்குத் தந்தை இன்னார் என்பதை நிறுவியது. பேற்றுக்குப் பின் தாயும் சேயும் ஊரிலிருந்து விலகிய தனிக்குடிலில் தங்கினர். குழந்தையின் முகம் குறிப்பிட்ட காலம் வரை மூடியே வைக்கப்பட்டது. அதைத் திறந்து காட்டுவதற்கெனத் தனிச் சடங்கு இருந்தது.

தோடர் உடை பூத்துக்குளி. வெண்ணிறப் பருத்தித் துணியில் சிவப்பு, கருப்பு நூல்களால் பெண்கள் பின்னல் செய்யும் இப்போர்வையை ஆணும் பெண்ணும் உடுத்துவர்; இறந்தோர் உடலையும் இதனாலேயே போர்த்துவர். இப்பின்னற்கலைக்கு 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வெட்டித் தைக்கப்படாத ஒற்றைப் போர்வை என்பதே பேற்றுக்கால உடை என்னும் நோக்கில் இதன் சிறப்பு. அமர்ந்தால் உடலைச் சூழ்ந்துகொள்ளும், சாய்ந்தால் விரிப்பாகும், குழந்தையை மார்போடு அணைத்தால் இருவரையும் ஒருசேர மூடும். குளிர்நிலத்தில் தாயின் உடல் வெப்பத்தைச் சேய்க்குக் கடத்துவதற்கு இத்தகைய போர்வையைக் காட்டிலும் எளிய கருவி வேறில்லை எனலாம்.

படகரிடையேயும் இதற்கு ஒப்பான நிலையைக் காணலாம். அக்குளுக்குக் கீழே உடலைச் சுற்றிக் கட்டிய வெண்ணிற ஆடையும் தலைத்துணியும் படகப் பெண்ணின் மரபுடைகளாகும். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் இவ்வுடையைப் பதிந்துள்ளார். முதற்கருவின் ஏழாம் மாதத்தில் கணவன் மனைவியின் கழுத்தில் ‘கன்னி’ எனப்படும் நூற்சரட்டை அணிவிக்கும் சடங்கு படகர்தம் மணவாழ்வில் முதன்மையானது. வில்லும் நூற்சரடும் வளையலும் ஆகிய இம்மூன்றும், கருவுற்ற பெண்ணுக்கு அணிவிப்பவை அல்லது அளிப்பவை குறித்த பதிவுகள் எத்துணை விரிவானவை என்பதைக் காட்டுகின்றன. நோவின்போது அவள் உடுத்தியதைப் பதிவாளர்கள் அவ்வாறு பொருட்படுத்தவில்லை. சடங்குக்குரிய பொருள் பதிவு பெற்றது. வசதிக்குரிய பொருள் பதிவு பெறவில்லை.

3. பங்களாவின் இரவங்கி

கோயம்புத்தூர் ஆட்சியர் ஜான் சல்லிவன் 1820களின் தொடக்கத்தில் உதகையில் கல்வீடு எழுப்பியதிலிருந்து, நீலகிரி ஐரோப்பியரின் உடல்நலத் தங்கிடமாயிற்று. சமவெளி வெயிலுக்கு அஞ்சிய ஆங்கிலேயப் பெண்கள் மலைநகரங்களில் தங்கினர். அவர்களோடு வேறொரு பேற்றாடை மலையேறியது. அது தைத்த இரவங்கி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கில வழிகாட்டி நூல்கள் இவ்வாடையை நுணுக்கமாக விதித்தன. தூய இரவங்கியை இடுப்புக்கு மேலே மடித்துச் சுருட்டிவைத்து, கீழே ஒரு பாவாடையை மட்டும் அணியவேண்டும். பேறு முடிந்ததும் நனைந்த பாவாடையை அகற்றிவிட்டு இரவங்கியைக் கீழே இறக்கிவிட்டால், களைத்த பெண்ணை எழுப்பி உடை மாற்றவேண்டிய தேவை இராது. பேற்றுக்குப் பின் அடிவயிற்றைச் சுற்றிக் கட்டும் துணிப்பட்டையும் அவர்களிடம் இருந்தது. தமிழ்ப் பெண்ணின் வயிற்றுக்கட்டும் ஆங்கிலப் பெண்ணின் பட்டையும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே நோக்கத்திற்குப் பயன்பட்டன.

இம்முறையில் இரண்டு செய்திகள் கவனத்திற்குரியன. ஒன்று, களைத்த உடலை அலைக்கழிக்கலாகாது என்னும் கரிசனம். மற்றொன்று, பெண் படுத்த நிலையிலேயே பெறுவாள் என்னும் முன்முடிவு. பிரெஞ்சு மருத்துவர் பிரான்சுவா மோரிசோ 1668இல் வெளியிட்ட நூலில் படுக்கைப் பேற்றைப் பரிந்துரைத்தார். அதன் பின் ஐரோப்பாவில் பேற்று நாற்காலி படிப்படியாக வழக்கிழந்தது. குந்துவதற்கேற்ற ஆடைக்கும் படுப்பதற்கேற்ற ஆடைக்கும் உள்ள வேறுபாடு, பேற்றை நிகழ்த்துபவர் யார் என்பது பற்றிய வேறுபாடுமாகும்.

4. மருத்துவமனையின் வெண்துணி

சென்னை எழும்பூர் மகப்பேற்று மருத்துவமனை 1844இல் தொடங்கப்பட்டது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் மகப்பேற்று மருத்துவ நூலொன்றைத் தமிழாக்கி 1857இல் வெளியிட்டார். எழும்பூரின் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய ஆ. இலட்சுமணசுவாமி முதலியார் 1938இல் வெளியிட்ட மகப்பேற்று மருத்துவப் பாடநூல் இந்திய மாணவர் பல தலைமுறையினர் பயின்றதாகும். பேறு வீட்டிலிருந்து மருத்துவமனைக்கு நகர்ந்த இந்நெடும்போக்கில் பேற்றாடையின் பொருளும் மாறியது.

மாற்றத்தின் மையம் தொற்று. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் பேற்றுச் சுரத்தை ஆராய்ந்த அலெக்சாண்டர் கார்டன், நோயுற்றவளின் துணிகளை எரிக்கவோ நன்கு தூய்மைப்படுத்தவோ வேண்டும் என 1795இலேயே அறிவுறுத்தினார். வியன்னாவில் செம்மல்வைஸ் 1847இல் கைகழுவலைக் கட்டாயமாக்கிப் பேற்றுச் சாவுகளைப் பெரிதும் குறைத்தார். கை, கருவி, துணி ஆகிய மூன்றும் நோய்வழிகள் என்பது நிறுவப்பட்ட பின்னர், வீட்டுப் பழம்புடவை மருத்துவமனை வாயிலிலேயே நிறுத்தப்பட்டது. கொதிநீரில் அவிக்கத்தக்க வெண்துணி அதன் இடத்தைப் பிடித்தது.

இம்மாற்றத்தின் நன்மையை மறுத்தற்கில்லை. பழந்துணி மென்மையானது, ஆனால் பழந்துணியெல்லாம் தூயது அன்று. தூய்மையற்ற பேற்றுச் சூழலால் நேர்ந்த இரணசன்னி எண்ணற்ற பச்சிளங்குழந்தைகளைக் கொண்டது. தடுப்பூசியும் தூய பேறும் பரவியதன் பயனாகவே, இந்தியா அந்நோயைத் தாய்சேய் நலச் சிக்கல் என்னும் நிலையிலிருந்து நீக்கிவிட்டதாக 2015இல் அறிவிக்கப்பட்டது. வெண்துணிக்கு வேறொரு பயனும் உண்டு. பேற்றுக்குப் பின் 500 மில்லி லிட்டருக்கு மேற்பட்ட குருதியிழப்பு ஆபத்தின் அறிகுறி. வெளிர்நிறத் துணியில் அவ்விழப்பு உடனே கண்ணில் படும்.

எனினும் வெண்துணியோடு வேறொன்றும் வந்தது. முதுகுப்புறம் திறந்து நாடாவால் முடியும் மருத்துவமனை அங்கி, படுத்த நோயாளியைத் தூக்காமலே உடுத்தவும் களையவும் ஏற்றது. பேற்றறையில் நடமாட விரும்பும் பெண்ணுக்கு அதே திறப்பு கூச்சத்திற்குக் காரணமாகிறது. முன்புறம் மூடியிருப்பதால் பிறந்த குழந்தையை மார்பில் கிடத்துவதற்கும் அது தடையாகிறது. ஓர் ஆடை எப்பக்கம் திறக்கிறது என்பதைக் கொண்டே அது யாருடைய வசதிக்காகத் தைக்கப்பட்டது என்பதை அறியலாம். தீட்டு என்னும் காரணத்தின் இடத்தில் தொற்று என்னும் காரணம் வந்தது. முன்னது சமூக இழிவு, பின்னது அறிவியல். இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது. ஆனால் பெண்ணிடம் கேளாமலே அவள் உடை முடிவு செய்யப்பட்டது என்னும் நிலையில் இவ்விரண்டும் ஒத்தன.

5. சட்டத்தில் இடம்பெற்ற கம்பளி

மருத்துவமனைக்கு எளிதில் செல்ல இயலாத தேயிலைத் தோட்டங்களில் பேற்றாடையின் வரலாறு வேறு வகையினது. இங்குத் துணியின் தூய்மையினும் துணியின் இன்மையே முதற்சிக்கல். கொழுந்து பறிக்கும் பெண்ணின் வேலையுடை அடுக்கடுக்கானது: புடவை, அதன்மேல் சட்டை அல்லது கம்பளி மேலாடை, பனி நனைந்த செடி உடலில் படாதிருக்க இடுப்பைச் சுற்றிக் கட்டும் சாக்கு அல்லது பாய், தலையில் துண்டு. மாற்றுப்புடவைகள் மிகச் சிலவே உள்ள வீட்டில், மழைமாதங்களில் நாள்கணக்கில் துணி உலராத மலையில், கைவிடத்தக்க பழந்துணி என்பதும் ஒரு செல்வமே.

1964 அக்டோபரில் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோர் பலர் நீலகிரியில் குடியமர்த்தப்பட்டனர். அவர்களுக்கு வேலையளிக்கத் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்கள் உருவாயின. இலங்கை மலையகத்தின் லயங்களில் பெற்ற வாழ்வறிவை அப்பெண்கள் இங்கும் கொண்டுவந்தனர்; இரு மலைகளிலும் குளிரும் ஈரமும் லைன் அறையின் நெருக்கடியும் ஒன்றே.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் இந்நிலையைப் பகுதியளவில் உணர்ந்திருந்தது. அதன் 17ஆம் பிரிவு, மழையிலிருந்தும் குளிரிலிருந்தும் காத்துக்கொள்ளத் தொழிலாளர்க்குக் குடை, கம்பளி, மழையங்கி முதலியவற்றை வழங்குமாறு விதிசெய்ய மாநில அரசுக்கு அதிகாரம் அளித்தது. பெண் தொழிலாளர் மிகுந்த தோட்டங்களில் குழந்தைக் காப்பகம் அமைப்பதையும் மகப்பேற்று உதவியையும் அதே சட்டம் பேசியது. 1961ஆம் ஆண்டு மகப்பேற்றுப் பயன் சட்டம் தொழிற்சாலை, சுரங்கம் ஆகியவற்றோடு தோட்டங்களையும் உள்ளடக்கி 12 வார விடுப்பை அளித்தது. 2017இல் அது 26 வாரங்களாக உயர்ந்தது. சட்டத்தின் கம்பளி வேலை செய்யும் உடலைக் காப்பதற்கு உரியது. பிள்ளை பெறும் உடலுக்கு ஊதியமும் விடுப்பும் கிடைத்தன; துணி குடும்பத்தின் பொறுப்பாகவே விடப்பட்டது.

6. இன்றைய பேற்றாடை

தமிழ்நாட்டில் இன்று ஏறத்தாழ எல்லாப் பேறுகளும் மருத்துவமனைகளிலேயே நிகழ்கின்றன. பெர்ன்ஹில்லிலிருந்து உதகை அரசு மருத்துவமனை தொலைவன்று. கர்ப்பிணியின் பையில் இன்று தவறாது இடம்பெறுவது நைட்டி. பங்களாவின் இரவங்கிக்கு உறவான இவ்வாடை, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழ் வீடுகளில் பரவி, முன்புறம் கொக்கியோ பற்சரடோ வைத்துத் தைத்த பாலூட்டும் நைட்டியாகவும் வடிவெடுத்தது. மருத்துவமனை அங்கி மருத்துவரின் வசதியிலிருந்து பிறந்தது. முன்திறப்பு நைட்டியோ தாய்மாரின் தேவையை ஒட்டித் தையற்கடைகளிலும் சந்தையிலும் உருவானது. பேற்றாடை வரலாற்றில் அணிபவளின் வசதி முதன்மை பெற்ற அரிய நிகழ்வாக இதனைக் கருதலாம்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2018இல் வெளியிட்ட பேற்றுக்காலப் பராமரிப்புப் பரிந்துரைகள், மதிப்புடன் நடத்தப்படுதலையும், விரும்பிய துணையை உடன்வைத்துக்கொள்வதையும், நோவின்போது நடமாடுவதையும் நிமிர்ந்த நிலைகளையும் ஊக்குவிக்கின்றன. பிறந்த குழந்தையைத் தாயின் வெற்றுடலோடு முதல் ஒரு மணிநேரம் அணைத்துவைத்தலும் அந்நிறுவனத்தின் பரிந்துரையாகும். பேற்றறையின் வெப்பம் 25 பாகை செல்சியசுக்குக் குறையலாகாது எனவும் அது வலியுறுத்துகிறது. உதகையின் குளிர்கால இரவில் இவ்வெப்பத்தை அறை தானே தராது. சூடேற்றியும் தாயின் உடலும் அவ்வுடலைச் சூழ்ந்த துணியுமே தரவேண்டும். அந்நேரத்தில் தாயின் ஆடை குழந்தையின் முதற்போர்வையுமாகிறது. அது முன்புறம் திறவாவிட்டால், பேசப்படும் பரிந்துரை நடைமுறையில் நிறைவேறாது.

இவ்வடிப்படையில் மலைப்பகுதிக்குப் பொருந்தும் பேற்றாடையின் இயல்புகளை வகுக்கலாம். பருத்தியாலானது, முன்புறம் திறப்பது, நடக்கவும் குந்தவும் இடங்கொடுக்கும் தளர்வும் முழங்கால் அளவு நீளமும் உடையது, குருதியழுத்தம் பார்க்கவும் ஊசிக்குழாய் பொருத்தவும் ஏற்ற அகன்ற குறுங்கை கொண்டது, குருதியிழப்பை மறைக்காத வெளிர்நிறத்தது, கொதிநீரில் அவிக்கத்தக்கது. அதன்மேல் எளிதில் களையக்கூடிய கம்பளிப் போர்வையும் காலுறையும் தேவை. இவற்றுள் எதுவும் அரிய பொருளன்று. பூத்துக்குளியின் போர்த்தும் தன்மையும், பழம்புடவையின் மென்மையும், வெண்துணியின் தூய்மையும், நைட்டியின் முன்திறப்பும் இதில் ஒன்றுசேர்கின்றன.

தமிழ்நாடு அரசு மருத்துவமனைகளில் பேற்றுத் துணைவர் திட்டம் 2004இல் தொடங்கப்பட்டது. 2015இல் தொடங்கிய அம்மா குழந்தை நலப் பரிசுப் பெட்டகத்தில் 16 பொருள்கள் இருந்தன. குழந்தைக்குத் துண்டு, சட்டை, மெத்தை, கொசுவலை முதலியன கிடைத்தன. தாய்க்குக் குளியற்சோப்பும் சௌபாக்கிய சுண்டி லேகியமும் கிடைத்தன. தாய்க்கென ஓர் ஆடை அப்பட்டியலில் இல்லை. நன்னோக்கம் கொண்ட திட்டங்களும் இவ்விடத்தை வெறுமையாக விட்டிருப்பது, இப்பொருள் நம் சிந்தனையில் எவ்வளவு பின்தங்கியுள்ளது என்பதற்குச் சான்றாகும்.

முடிவுரை

பேற்றாடையின் வரலாற்றை மூன்று நிலைகளாகத் தொகுக்கலாம். தீட்டு ஆண்ட காலத்தில் அது கைவிடத்தக்க துணி. தொற்றறிவு ஆண்ட காலத்தில் அவிக்கத்தக்க துணி. தோட்டத்தில் அது வறுமை விட்டுவைத்த துணி. மூன்றிலும் பெண்ணின் வெப்பமும் அசைவும் நாணமும் தற்செயலாகக் காக்கப்பட்டன அல்லது காக்கப்படாதொழிந்தன. பழைய வழக்கில் உடல் அசைவதற்கு இருந்த உரிமையையும் மருத்துவமனை தந்த தூய்மையையும் ஒருங்கே பெறுவது இன்று இயலாததன்று. ஒரு முன்திறப்பு அங்கியும் ஒரு போர்வையும் போதும். அவற்றை வழங்குவதற்கு முன் செய்யவேண்டியது ஒன்றுண்டு. எது வசதி என்பதை, பனிபடியும் மலையில் பிள்ளை பெறும் பெண்ணிடமே கேட்டறிதல் வேண்டும்.